இடம் மாறிய வாரம்: சென்னை ஓப்பன் வந்ததும் போனதும்

சென்னை ஓப்பன் ஆண்கள் டென்னிஸ் போட்டி 1997 முதல் 2017 வரை, ஓர் ஆண்டு கூடத் தவறாமல், 21 முறை நுங்கம்பாக்கத்தில் நடந்தது. ரஃபேல் நடால், பேட்ரிக் ராஃப்டர், கார்லோஸ் மோயா, ஸ்டான் வாவ்ரிங்கா, மரின் சிலிச் என்று கிராண்ட்ஸ்லாம் வென்ற ஆட்டக்காரர்கள் வந்து விளையாடிய போட்டி அது. லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் ஜோடியாக, ஏடிபி என்ற ஆண்கள் தொழில்முறைச் சுற்றில் தங்கள் முதல் பட்டத்தை வென்றதும் அங்கேதான். 2018இல் அது புனேவுக்குப் போனது. 2023 ஜனவரிக்குப் பிறகு புனேவிலும் இல்லை. இப்போது அந்தப் பெயரிலும் வேறு பெயரிலும் இந்தியாவில் ஏடிபி சுற்றின் முதல்நிலைப் போட்டி எதுவும் கிடையாது.

இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தொழில்முறை டென்னிஸில் ஒரு போட்டி என்பது மைதானமோ கோப்பையோ அல்ல. நாட்காட்டியில் ஒரு வாரம். எந்த வாரத்தில், எந்தத் தரத்தில், குறைந்தது எவ்வளவு பரிசுத் தொகையில் போட்டி நடத்தலாம் என்ற உரிமத்தை ஏடிபி வழங்குகிறது. உரிமத்தை வைத்திருப்பவர் அதை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், ஏடிபி சம்மதித்தால் வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ எடுத்துச் செல்லலாம். ஊரின் பெயர் போட்டியின் பெயரில் இருந்தாலும் ஊர் அங்கே குடியிருப்பவர் மட்டுமே, வீட்டுக்காரர் வேறு. சென்னை ஓப்பன் விஷயத்தில் அந்த வீட்டுக்காரர் பன்னாட்டு விளையாட்டு மேலாண்மை நிறுவனமான ஐஎம்ஜி. தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் போட்டியை நடத்திக் கொடுத்தது. உரிமம் அதன் கையில் இருக்கவில்லை.

போட்டி பிறந்ததே இன்னோர் ஊரில்தான். 1996இல் டெல்லியில் முதல் முறை நடந்தபோது ஸ்வீடனின் தாமஸ் என்க்விஸ்ட், ஜிம்பாப்வேயின் பைரன் பிளாக்கை இறுதியில் வென்றார். அடுத்த ஆண்டே அது சென்னைக்கு வந்துவிட்டது. இந்தியாவுக்கு இது புதிதல்ல: 1970களில் கிராண்ட் பிரி சுற்றின் இந்தியப் போட்டியும் டெல்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தது. விஜய் அமிர்தராஜ் அதில் பட்டம் வென்ற ஆண்டுகளில் கூட அது அவருடைய சொந்த ஊரான சென்னையில் நிலைகொள்ளவில்லை.

சென்னை தேர்வானதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடந்தன. அதற்காக நுங்கம்பாக்கத்தில் மாநில அரசு ஒரு டென்னிஸ் அரங்கம் கட்டியது. சுமார் 5,800 பேர் உட்காரலாம், மின்விளக்கு உண்டு, தரை கடினத் தரை. விளையாட்டுப் போட்டிகள் முடிந்ததும் அரங்கம் ஏறக்குறையப் புத்தம் புதிதாகக் கிடந்தது. டென்னிஸ் பார்த்துப் பழகிய கூட்டமும் ஊரில் இருந்தது. ராமநாதன் கிருஷ்ணன், ரமேஷ் கிருஷ்ணன், அமிர்தராஜ் சகோதரர்கள் என்று இரண்டு தலைமுறை ஆட்டக்காரர்களைத் தந்த நகரத்தில், எப்போது கைதட்ட வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் ஐந்து போட்டிகளுக்கு 'கோல்டு ஃபிளேக் ஓப்பன்' என்று பெயர். சிகரெட்டின் பெயர் தாங்கிய டென்னிஸ் போட்டி என்றால் இன்று விநோதமாகத் தோன்றும். அன்று கிரிக்கெட்டுக்கு வில்ஸ், டென்னிஸுக்கு கோல்டு ஃபிளேக் என்பது வழக்கம், இரண்டும் ஐடிசி நிறுவனத்தின் சரக்கு. முதல் மூன்று ஆண்டுகள் ஏப்ரல் மாதத்தில் நடந்தது. சென்னையின் ஏப்ரல் வெயிலில் கடினத் தரையில் ஓடுவது எப்படிப்பட்டது என்பதை ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். 1997இல் ஸ்வீடனின் மிகேல் டில்ஸ்ட்ரோம், 1998இல் ராஃப்டர், 1999இல் பைரன் பிளாக் பட்டம் வென்றார்கள். ராஃப்டர் வந்தபோது அமெரிக்க ஓப்பன் சாம்பியன். சென்னையில் ஆடிய சில மாதங்களில் அதே பட்டத்தை மறுபடியும் வென்றார்.

ஆனால் அந்த மூன்று ஆண்டுகளின் உண்மையான கதை இரட்டையர் பிரிவில் நடந்தது. 1997, 1998, 1999 மூன்றிலும் பயஸ்–பூபதி ஜோடியே வென்றது. 1999இல் அவர்கள் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிகளிலும் ஆடி, இரண்டை வென்றார்கள். பின்பு பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். அவர்களின் உறவு எந்த நிலையில் இருக்கிறது என்பதை நுங்கம்பாக்கத்தில் யாருடன் யார் ஆடுகிறார்கள் என்பதை வைத்தே ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள். 2002இலும், பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2011இலும் அங்கே சேர்ந்து ஆடிப் பட்டம் வென்றார்கள். மொத்தம் ஐந்து பட்டங்கள்.

2000இல் போட்டி ஜனவரிக்கு மாறியது. இந்த மாற்றம் போட்டிக்கு வாழ்வும் கொடுத்தது, ஒரு நிரந்தரத் தலைவலியையும் கொடுத்தது. மார்கழிக் கச்சேரிகள் முடிகிற நேரம். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு. வெயில் தணிந்து மாலைக் காற்று வீசும் நாட்கள். பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல வாரம் கிடைக்காது. ஆடுபவர்களின் கணக்கு வேறு. இரண்டு வாரத்தில் ஆஸ்திரேலிய ஓப்பன் தொடங்கும். அதே வாரத்தில் தோஹாவிலும் போட்டி நடக்கும், ஆஸ்திரேலியாவிலும் நடக்கும். ஆஸ்திரேலியாவில் ஆடினால் மெல்போர்னுக்கு முன்பே அந்த ஊர் நேரத்துக்கும் வெயிலுக்கும் உடம்பு பழகிவிடும். தோஹாவில் பணம் கொட்டும். முன்னணி ஆட்டக்காரரைச் சென்னைக்கு வரவழைக்க வேண்டுமானால் பரிசுத் தொகைக்கு மேல் வருகைக் கட்டணம் என்று தனியாகக் கொடுக்க வேண்டும். ஏடிபியின் இந்தத் தரப் போட்டிகளில் அதற்கு அனுமதி உண்டு. ஆண்டுதோறும் அந்தப் பணத்தைத் திரட்டுவதே நடத்துபவர்களின் முதல் வேலையாக இருந்தது.

பணம் கொடுப்பவர் மாறிக்கொண்டே இருந்தார். 2001 பிப்ரவரியில், புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்யும் சட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த நேரத்தில், விளையாட்டு விளம்பரங்களிலிருந்து விலகுவதாக ஐடிசி அறிவித்தது. சட்டம் 2003இல் நிறைவேறியது. 2002 முதல் 2004 வரை 'டாட்டா ஓப்பன்'. 2005இல் அந்த நிறுவனமும் விலகிய பிறகுதான், வணிகப் பெயர் எதுவும் கிடைக்காத நிலையில், போட்டிக்கு 'சென்னை ஓப்பன்' என்ற பெயரே வந்தது. தமிழ்நாட்டு அரசின் ஆதரவு போட்டியை ஊரில் நிறுத்தி வைத்தது. ஊர்ப் பெயர் கிடைத்தது பெருமையினால் அல்ல, பெயர் வாங்க ஆள் இல்லாததால் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த 2005ஆம் ஆண்டுப் போட்டி நடந்திருக்கவே வேண்டாம் என்று நினைத்தவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம், காரைக்கால், கடலூர், சென்னை என்று கரை நெடுக உயிர்ச்சேதம். புதுச்சேரியின் தென்கோடியில் பாகூர் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதியின் கடலோரக் கிராமங்களான பனித்திட்டிலும் நரம்பையிலும் படகும் வலையும் வீடும் போயின. எட்டாம் நாள், ஜனவரி 3ஆம் தேதி, சென்னையில் முதல் சுற்று ஆட்டங்கள் தொடங்கின. முந்தைய ஆண்டின் சாம்பியனான மோயா மறுபடியும் இறுதிக்கு வந்தார்; எதிரே மறுபடியும் தாய்லாந்தின் பாரடோர்ன் ஸ்ரீசாபன். அவரும் ஆழிப்பேரலை தாக்கிய நாட்டிலிருந்து வந்தவர். 3-6, 6-4, 7-6 என்று மோயா வென்றார். பரிசுத் தொகையை நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ஸ்ரீசாபனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 2002 முதல் 2005 வரை தொடர்ந்து நான்கு இறுதிகள் ஆடியவர் அவர். வென்றது 2003இல் மட்டும். ஆட்டம் முடிந்ததும் நான்கு பக்கமும் கைகூப்பி வணங்கிவிட்டுப் போவார். சொந்த ஊர்க்காரரைப் போல அவருக்குக் கூட்டம் கைதட்டியது. சாம்பியன்களின் பட்டியலை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

அதே காலத்தில் ஒரு ஸ்பானியச் சிறுவனும் நுங்கம்பாக்கத்துக்கு வந்து போனான். 2004இல் டாமி ரொப்ரெடோவுடன் சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றபோது நடாலுக்கு வயது 17. பிரெஞ்சு ஓப்பனை மூன்று முறை வென்ற பிறகு 2008இல் அவர் மறுபடி வந்தார். ஜனவரி 5, சனிக்கிழமை, அரை இறுதி. எதிரே மோயா: நடாலின் மயோர்கா தீவுக்காரர், அவருக்கு அண்ணன் மாதிரி, பின்னாளில் அவருடைய பயிற்சியாளர். முதல் செட்டை மோயா டை-பிரேக்கில் எடுத்தார். இரண்டாவது செட்டும் டை-பிரேக். ஆட்டம் நான்கு முறை மோயாவின் கைக்கு வந்தது. நான்கு மேட்ச் பாயின்ட்டுகளையும் நடால் காப்பாற்றினார். மூன்றாவது செட்டும் டை-பிரேக், அதில் 7-1 என்று நடால். மொத்தம் 3 மணி 54 நிமிடம். மூன்று செட் ஆட்டம் அவ்வளவு நேரம் நீள்வது டென்னிஸில் மிக அபூர்வம்.

மறுநாள் இறுதி. ரஷ்யாவின் மிகைல் யூஷ்னி எதிரே நின்றார். நடாலுக்குக் கால் நகரவில்லை. 6-0, 6-1. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. உலகின் இரண்டாம் நிலை ஆட்டக்காரர் ஒரே ஒரு கேம் எடுத்துவிட்டு வெளியேறினார். டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஏமாற்றம்தான்; ஆனால் சனிக்கிழமை இரவு அங்கே இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசுவதில்லை.

2009இல் உள்ளூர்க் கதை ஒன்று கிடைத்தது. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், தரவரிசையில் 200க்கு வெளியே இருந்தவர், வைல்டு கார்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். மோயாவை வென்றார். 'ஏஸ்' மழை பொழியும் இவோ கார்லோவிச்சை வென்றார். அரை இறுதியில் ரெய்னர் ஷூட்லர் காயத்தால் விலகிக்கொள்ள, இந்தியர் ஒருவர் முதல் முறையாக இந்தப் போட்டியின் ஒற்றையர் இறுதிக்கு வந்தார். சிலிச்சிடம் 6-4, 7-6 என்று தோற்றார். அதற்குப் பிறகு எந்த இந்தியரும் அங்கே ஒற்றையர் இறுதி ஆடவில்லை. 2014இல் சென்னைப் பையன் ராம்குமார் ராமநாதன் அதே சோம்தேவை வீழ்த்திக் கால் இறுதிக்குப் போனதுதான் அடுத்த பெரிய பேச்சு.

வானிலை இந்தப் போட்டியை ஒருபோதும் சும்மா விட்டதில்லை. வடகிழக்குப் பருவமழையின் வாலில் நடக்கும் போட்டி என்பதால் டிசம்பர் முழுவதும் நடத்துபவர்கள் வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. அதாவது ஏறக்குறைய பாகூர் கொம்யூனின் தலைமேல். பாகூரில் வாழையும் வில்லியனூர்ப் பக்கம் கரும்பும் படுத்தன, மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன, கிராமங்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன. மூன்றாம் நாள், 2012 ஜனவரி 2, சென்னையில் விளக்குப் போட்டு ஆட்டம் தொடங்கியது. நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தில் ஒரே வாரம் இரண்டு விதமாகக் கழிந்தது. வழக்கமாகத் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும் புதுச்சேரிக் கிராமத்துப் பையன்களில் பலர் அந்த ஆண்டுப் போட்டியைப் பார்த்திருக்க முடியாது, கரண்டு இல்லை.

பார்த்திருந்தால் ஒரு விசித்திரமான இறுதியைக் கண்டிருப்பார்கள். கனடாவின் 21 வயது மிலோஸ் ரயோனிச்சும் செர்பியாவின் யாங்கோ டிப்சரெவிச்சும் மோதினார்கள். மூன்று செட்டும் டை-பிரேக். ஆட்டம் முழுக்க ஒருவர் சர்வீஸை மற்றவர் ஒரு முறை கூட உடைக்கவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் இப்படியே ஓடி, 6-7, 7-6, 7-6 என்று ரயோனிச் வென்றார். டென்னிஸ் தெரிந்தவருக்கு அது அதிசயம். தெரியாதவருக்கு ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டியது போலத்தான் இருந்திருக்கும்.

கடைசி ஆண்டுகள் வாவ்ரிங்காவுக்குச் சொந்தம். 2011, 2014, 2015, 2016 என்று நான்கு பட்டங்கள். ஒற்றையரில் வேறு யாரும் இத்தனை வென்றதில்லை. 2014இல் சென்னையில் வென்ற மூன்றாம் வாரம் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார். 2015இல் சென்னை, பிறகு பிரெஞ்சு ஓப்பன். 2016இல் சென்னை, பிறகு அமெரிக்க ஓப்பன். அவர் வாழ்நாளில் வென்ற கிராண்ட்ஸ்லாம்கள் மொத்தம் மூன்றே, மூன்றும் சென்னையில் தொடங்கிய ஆண்டுகளில் வந்தவை. இந்த அதிர்ஷ்டத்தை வைத்து மற்ற ஆட்டக்காரர்களை இழுத்திருக்க முடியுமா என்பது வேறு கதை. ஒரு தரமான போட்டி என்பதற்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது, ஆனால் சான்றிதழைக் காட்டி யாரும் காசோலை எழுதுவதில்லை.

2010களில் காசோலை எழுதியது பெரும்பாலும் ஏர்செல். சென்னையில் தொடங்கிய செல்போன் நிறுவனம் என்பதால் பொருத்தமும் இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியதும் இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கணக்கே புரண்டது. 2017 போட்டி ஏர்செல் பெயர் இல்லாமல் நடந்தது. 2018 தொடக்கத்தில் ஏர்செல் திவால் மனு போட்டுவிட்டது.

போட்டியின் பெயரை ஒரு நிறுவனத்தின் வரவுசெலவோடு கட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு சென்னையை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. 2006இலும் 2007இலும் மும்பையில் கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் பெயரில் இன்னோர் ஏடிபி போட்டி நடந்தது. 2008இல் அது பெங்களூரில் நடக்க வேண்டியது, பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்தானது, பிறகு திரும்பவில்லை. அந்த விமானங்களும் 2012இல் நின்றுபோயின.

கோல்ஃபில் இன்னும் துல்லியமான உதாரணம் உண்டு. 2008 பிப்ரவரி 7 முதல் 10 வரை டெல்லி கோல்ஃப் கிளப்பில் 'இந்தியன் மாஸ்டர்ஸ்' நடந்தது. ஐரோப்பிய சுற்றுப் போட்டி ஒன்று இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை. பரிசுத் தொகை 25 லட்சம் டாலர். பணம் போட்டது எமார் எம்ஜிஎஃப் என்ற வீடுமனை நிறுவனம். வென்றது எஸ்.எஸ்.பி. சௌராசியா. கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன், கேடியாக மட்டை தூக்கி, பார்த்தே ஆட்டம் கற்றவர். அயர்லாந்தின் டேமியன் மெக்ரேனை இரண்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பின்தள்ளி, 4 லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார். போட்டியின் இரண்டாம் நாள், பிப்ரவரி 8, அந்த நிறுவனம் பல ஆயிரம் கோடி ரூபாய்க்குச் சந்தையில் விட்டிருந்த பங்கு வெளியீட்டை, விலையைக் குறைத்தும் வாங்க ஆள் வராமல், திரும்பப் பெற்றுக்கொண்டது. மைதானத்தில் ஒருவர் வாழ்வு மலர்ந்த அதே நாட்களில் மேடை போட்டவரின் கணக்கு சரிந்துகொண்டிருந்தது. 2009 போட்டி நடக்கவில்லை. இந்தியன் மாஸ்டர்ஸ் ஒரே ஒரு முறைதான் நடந்தது.

அந்த இடத்தை 2010இல் 'அவந்தா மாஸ்டர்ஸ்' நிரப்பியது. முதல் மூன்று ஆண்டுகள் குருகிராமத்தின் டிஎல்எஃப் மைதானம், 2013இல் கிரேட்டர் நொய்டா. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டாட், மறுபடி சௌராசியா, தென்னாப்பிரிக்காவின் ஜேபி க்ரூகர், தாமஸ் எய்க்கன் என்று நான்கு சாம்பியன்கள். 2013உடன் முடிந்தது. அவந்தா குழுமத்தின் முக்கிய நிறுவனமான சிஜி பவரில் 2019இல் கணக்குக் குளறுபடிகள் வெளிவந்தன. 2020இல் அதை எடுத்துக்கொண்டது சென்னையின் முருகப்பா குழுமம். அந்தக் குடும்பத்தின் எம்.ஏ. அழகப்பன்தான் சென்னை ஓப்பனின் கடைசிக் காலத்தில் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத் தலைவர். இந்திய வணிக உலகம் அவ்வளவு சின்னது.

டென்னிஸுக்கு ஒரு வசதி, இடம் சிறியது. 18 குழி கோல்ஃப் மைதானத்துக்கு 100 ஏக்கருக்குக் குறையாமல் வேண்டும். டென்னிஸுக்கு ஓர் அரங்கமும் பக்கத்தில் ஏழெட்டுத் தளங்களும் போதும். இந்த வசதியே ஆபத்தும்கூட: எளிதாக அமைக்கக்கூடியதை எளிதாக மாற்றவும் முடியும்.

2016 டிசம்பர் 12இல் 'வர்தா' புயல் சென்னையைத் தாக்கி ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. ஒரு வாரம் முன்புதான் முதலமைச்சர் ஜெயலலிதா இறந்திருந்தார். மூன்று வாரத்தில், 2017 ஜனவரி 2, போட்டி தொடங்கியது. அதுவே கடைசி என்று அப்போது அறிவிக்கப்படவில்லை. ஒற்றையர் இறுதியில் ஸ்பெயினின் ராபர்ட்டோ பவுடிஸ்டா அகுட், ரஷ்யாவின் டேனில் மெட்வடேவை வென்றார். மெட்வடேவுக்கு அதுதான் முதல் ஏடிபி இறுதி. பின்னாளில் உலக முதல் இடத்துக்கு வந்தார். இரட்டையர் இறுதியில் நால்வரும் இந்தியர்கள். ரோகன் போபண்ணாவும் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனும், பூரவ் ராஜா–திவிஜ் சரண் ஜோடியை வென்றார்கள். ஜீவனுக்கு அது முதல் ஏடிபி பட்டம். 1997இல் பயஸும் பூபதியும் முதல் பட்டம் வாங்கிய அரங்கில், சென்னைக்காரர் ஒருவரின் முதல் பட்டத்தோடு போட்டி முடிந்தது.

2017 ஜூலையில் அறிவிப்பு வந்தது: போட்டி இனி புனேயில், 'மகாராஷ்டிரா ஓப்பன்' என்ற பெயரில். மகாராஷ்டிர அரசும் அந்த மாநில டென்னிஸ் சங்கமும் ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு முன்வந்தன. தலைப்புப் பெயர் டாட்டாவுடையது. சென்னையில் முணுமுணுப்பு எழுந்தது, ஆனால் சட்டப்படி கேட்க ஒன்றுமில்லை. குடியிருப்பு ஒப்பந்தம் முடிந்தது, வீட்டுக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

இதற்கு மாறாக, ஊரோடு கட்டப்பட்ட விளையாட்டு எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் இருக்கிறது. துத்திப்பட்டில் புதுச்சேரி கிரிக்கெட் சங்கத்தின் மைதானம் உள்ளது. புதுச்சேரி அணி 2018–19 பருவத்தில் ரஞ்சிக் கோப்பையில் நுழைந்தது. அந்தத் தகுதி இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஒன்றியப் பிரதேசத்துக்குக் கொடுத்தது. விளம்பரதாரர் வந்தாலும் போனாலும், அணி நன்றாக ஆடினாலும் ஆடாவிட்டாலும், யாரும் அதை வாங்கி நாக்பூருக்கோ துபாய்க்கோ கொண்டுபோக முடியாது. பணமும் பகட்டும் குறைவுதான். ஆனால் அது இருக்கிற இடத்தில் இருக்கும்.

புனேயின் பலேவாடி அரங்கில் போட்டி 2018, 2019, 2020, 2022, 2023 என்று ஐந்து முறை நடந்தது. 2021 கொரோனாவால் நின்றது. முதல் ஆண்டு பிரான்ஸின் ஜீல் சிமோன் வென்றார். 2019 இறுதியாட்டத்தில் கெவின் ஆண்டர்சனும் நாற்பது வயதை நெருங்கிய கார்லோவிச்சும் மூன்று செட்டும் டை-பிரேக் ஆடினார்கள். சென்னையின் 2012 இறுதிக்கு அண்ணன் தம்பி. 2022இல் போபண்ணாவும் ராம்குமாரும் இரட்டையர் பட்டம் வென்றார்கள். 2023இல் நெதர்லாந்தின் டாலன் ஹ்ரீக்ஸ்பூர் ஒற்றையர் சாம்பியன். இரட்டையர் இறுதியில் ஸ்ரீராம் பாலாஜியும் ஜீவன் நெடுஞ்செழியனும், இரண்டு தமிழர்கள், பெல்ஜிய ஜோடியிடம் தோற்றார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் புனேயும் நாட்காட்டியிலிருந்து மறைந்தது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் ஏடிபியின் அதே தரப் போட்டி ஹாங்காங்கில் நடந்தது. ஆந்த்ரே ரூப்லெவ் வென்றார்.

சென்னையில் டென்னிஸ் நின்றுவிடவில்லை. ஒரு படி கீழே, சேலஞ்சர் தரத்தில் ஆண்கள் போட்டிகள் நுங்கம்பாக்கத்தில் நடக்கின்றன. 2024 பிப்ரவரியில் அங்கே பட்டம் வென்றுதான் சுமித் நாகல் உலகின் முதல் நூறு பேருக்குள் வந்தார். விஜய் அமிர்தராஜ் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத் தலைவரான பிறகு, 2022 செப்டம்பரில், மாநில அரசின் ஆதரவோடு பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் போட்டி ஒன்று 'சென்னை ஓப்பன்' என்ற பழைய பெயரிலேயே நடந்தது. செக் நாட்டின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்டோவா வென்றார். அதுவும் தொடர்ச்சியாக நடக்கவில்லை. அடுத்தது 2025 அக்டோபர் இறுதியில்தான். அதில் இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் பட்டம் பெற்றார். ஆண்கள் பிரிவில் ஜனவரி முதல் வாரம் இப்போதும் ஹாங்காங், பிரிஸ்பேன் ஆகிய ஊர்களின் பெயரில்தான் இருக்கிறது.